மோதிரத்தைச் சுரண்டி ஒரு தங்க மலை

கனடாவின் பங்குச் சந்தையில் பட்டியலான எந்தச் சுரங்கக் கம்பெனியும் "எங்கள் நிலத்தில் தங்கம் இருக்கிறது" என்று சும்மா அள்ளிவிட முடியாது. என்.ஐ. 43-101 என்று ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. அதன்படி 27 தலைப்புகளில் அறிக்கை எழுத வேண்டும். தகுதியுள்ள நிபுணர் ஒருவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அந்த நிலத்துக்கு நேரில் போய் வந்திருக்க வேண்டும். பாறை மாதிரியை வெட்டியது யார், மூட்டை கட்டியது யார், வழியில் அது யார் கையில் இருந்தது என்றெல்லாம் ஒப்பிக்க வேண்டும். படித்தால் மூன்றாம் பக்கத்தில் கொட்டாவி உத்தரவாதம். ஆனால் கொஞ்சம் பின்கதை தெரிந்தவர்களுக்கு இது விதிப்புத்தகமே கிடையாது, காவல் நிலையத்துக் குற்றப் பதிவேடு. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு மகானுபாவர் நிற்கிறார். அவர் ஊரார் காதில் பூச்சுற்றி முடித்த பிறகே அந்த விதி எழுதப்பட்டது.

முதல் மகானுபாவர் 1576-ல் வருகிறார். மார்ட்டின் ஃப்ரோபிஷர், இங்கிலாந்துக் கடலோடி. கடற்கொள்ளை உபதொழில். வடக்கே சுற்றிக்கொண்டு சீனாவுக்குப் போகக் குறுக்குவழி உண்டா என்று தேடிப் போனவர், இன்றைய கனடாவின் பாஃபின் தீவில் முட்டிக்கொண்டு நின்றார். சீனா கிடைக்கவில்லை. அங்கே கிடந்த ஒரு கறுப்புக் கல் கப்பலில் ஏறி லண்டன் வந்து சேர்ந்தது. பயணத்துக்குப் பணம் போட்ட மைக்கேல் லோக் என்ற வணிகர் அதைப் பரிசோதகர்கள் சிலரிடம் கொடுத்துப் பார்த்தார். "கல்தானய்யா" என்றார்கள். லோக்குக்கு மனசு ஆறவில்லை. தேடி அலைந்து ஜோவான்னி பத்திஸ்தா ஆன்யெல்லோ என்ற இத்தாலியரைப் பிடித்தார். ஆன்யெல்லோ கல்லைப் பொடித்துத் தங்கத் தூளைக் காட்டியேவிட்டார். மற்றவர்களுக்கு அகப்படாதது உமக்கு மட்டும் எப்படி அகப்பட்டது என்று கேட்டதற்கு, இயற்கையை ஐஸ் வைத்துப் பேசவைக்கத் தெரிய வேண்டும் என்கிற ரீதியில் பதில் சொன்னாராம். பிறகு நடந்ததைப் பார்த்தால், ஐஸ் இயற்கைக்கு வைக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

எலிசபெத் ராணியே பணம் போட்டார். ராணி போட்டால் பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? 1577-ல் சுமார் 200 டன் கல் வந்தது. 1578-ல் 15 கப்பல்கள் போய் ஆயிரம் டன்னுக்கு மேல் அள்ளி வந்தன. பனிப்பாறைக்கு நடுவே உயிரைப் பணயம் வைத்து அள்ளி வந்த கல்லை உருக்க, டார்ட்ஃபோர்டு என்ற ஊரில் பெரிய உலைகள் கட்டினார்கள். வருஷக்கணக்கில் உருக்கினார்கள். வந்தது புகை. கல்லைச் சாலை போடவும் சுவர் கட்டவும் எடுத்துக்கொண்டார்கள். டார்ட்ஃபோர்டில் ஒரு பழைய சுவரில் அந்த ஆர்க்டிக் கற்களை இன்றும் பார்க்கலாம். லோக் கடன்காரராகிச் சிறைக்குப் போனார். ஃப்ரோபிஷர் பிற்பாடு ஸ்பெயின் கடற்படையோடு சண்டை போட்டு சர் பட்டம் வாங்கினார். ஆன்யெல்லோவிடம் மட்டும் எவரும் "ஐயா, நீங்கள் எந்தச் சங்கத்தில் உறுப்பினர், இதற்குக் கையெழுத்துப் போடுவீர்களா?" என்று கேட்கவே இல்லை. அந்தக் கேள்வி சட்டமாவதற்கு இன்னும் 400 வருஷத்துக்கு மேல் ஆனது.

நடுவில் ஒரு அம்மாளைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. வயோலா மேக்மில்லன். கனடாவின் கனிமத் தேடல்காரர்கள் சங்கத்துக்கு இருபது ஆண்டுகள் தலைவி. ஆண்கள் மட்டுமே சேற்றில் இறங்கிய தொழிலில் முழங்கால் வரை இறங்கி நின்றவர். 1964 ஏப்ரலில் ஒன்டாரியோவின் டிம்மின்ஸ் ஊருக்குப் பக்கத்தில் டெக்சாஸ் கல்ஃப் சல்ஃபர் கம்பெனி பிரமாண்டமான தாமிர, துத்தநாகப் படிவத்தைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. உடனே அக்கம்பக்கத்து நிலமெல்லாம் ராசியான நிலம் ஆகிவிட்டது. அம்மாளும் அவர் கணவரும் நடத்திய வின்ட்ஃபால் கம்பெனிக்கும் அங்கே ஒரு துண்டு இருந்தது. ஜூலை மாத ஆரம்பத்தில் ஒரு துளை போட்டார்கள். பாதியில் நிறுத்தினார்கள். எடுத்த பாறையை யார் கண்ணிலும் காட்டவில்லை. நல்லது கெட்டது எதுவும் சொல்லவும் இல்லை.

இந்த மௌனம்தான் வேலை செய்தது. "சொல்லாமல் இருக்கிறார்கள் என்றால் ஏதோ பெரிதாக இருக்கிறது" என்று ஊரே கணக்குப் போட்டது. 60 சென்ட் கூடப் பெறாத பங்கு 5 டாலரைத் தாண்டியது. மூன்று வாரத்துக்கு மேல் கழித்து, ஜூலை 30 அன்று, குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை என்று அறிவித்தார்கள். பங்கு தரைமட்டம். விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. 1966-ல் ஒன்டாரியோவின் பங்குச் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. அம்மாள் வின்ட்ஃபால் விவகார மோசடி வழக்கில் விடுதலையானார். இன்னொரு கம்பெனியின் பங்கைத் தனக்குத் தானே விற்று வாங்கி விலையேற்றிக் காட்டிய வழக்கில் ஒன்பது மாதத் தண்டனை; சில வாரங்களே உள்ளே இருந்தார். பிற்பாடு மன்னிப்பு, அதற்கும் பிற்பாடு ஆர்டர் ஆஃப் கனடா விருது. ஒட்டாவாவின் இயற்கை அருங்காட்சியகத்துக்கு அவர் உபயத்தில் கனிமத் தொகுப்பு ஒன்றும் போய்ச் சேர்ந்தது. கனடாக்காரர்களுக்கு இளகிய மனசு.

ஆஸ்திரேலியாவின் கதையைச் சுருக்கிவிடலாம், ஏனென்றால் அதன் பெரும்பகுதி சாராயக் கடைப் பேச்சு. வியட்நாம் போர், கனடாவின் நிக்கல் சுரங்கத்தில் வேலைநிறுத்தம், இரண்டும் சேர்ந்து 1969-ல் நிக்கல் விலையை ஏற்றிவிட்டன. விண்டாரா என்ற இடத்தில் நிக்கல் கண்டதாகச் சொன்ன பொசைடன் கம்பெனியின் பங்கு 80 சென்ட்டிலிருந்து சில மாதங்களில் 280 டாலருக்குப் போனது. நிக்கல் இருந்தது உண்மை. சொன்ன தரத்தில் இல்லை. சுரங்கம் ஒருவழியாக உற்பத்திக்கு வந்தபோது நிக்கல் விலையும் இறங்கிவிட்டது. பொசைடனைப் பார்த்துக் கிளம்பிய சில்லறைக் கம்பெனிகள் பலவற்றிடம் இருந்தது ஒரு வரைபடமும் ஒரு டெலிபோனும்தான். இந்தக் கூத்துக்குப் பிறகு 1971-ல் அங்கே ஒரு குழு போட்டார்கள். அவர்கள் ஆற அமர யோசித்து 1989-ல் ஜோர்க் என்ற நெறிமுறையை வெளியிட்டார்கள். எவ்வளவு உறுதி என்பதை வைத்துப் பாறையைத் தரம் பிரிக்க வேண்டும், ஊகத்தை ஊகம் என்றே சொல்ல வேண்டும், பொறுப்பானவரின் பெயரைப் போட வேண்டும் என்றது அது. கனடா அதை மரியாதையாகப் படித்துவிட்டு அலமாரியில் வைத்தது.

பிறகு வந்தது பிரீ-எக்ஸ்.

கால்கரி நகரத்தில் டேவிட் வால்ஷ் என்று ஒருவர். பங்குத் தரகு வேலை பார்த்தவர், குண்டு உடம்பு, ஓயாத சிகரெட். வீட்டின் தரைக்கடி அறைதான் அவருடைய பிரீ-எக்ஸ் கம்பெனியின் தலைமை அலுவலகம். பங்கு விலை சில சென்ட்டுகள். கிரெடிட் கார்டு பாக்கி கழுத்தை நெரித்து, தனிப்பட்ட முறையில் திவால் நோட்டீசும் கொடுத்தாகிவிட்டது. இந்த நிலையில் சாதாரண மனிதன் வேலை தேடுவான். வால்ஷ் 1993-ல் ஜகார்த்தாவுக்கு டிக்கெட் எடுத்தார். அங்கே அவருக்கு ஜான் ஃபெல்டர்ஹோஃப் என்ற புவியியலாளரைத் தெரியும். நெதர்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். பப்புவா நியூகினியாவின் ஓக் டெடி என்ற நிஜமான பெரிய படிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். அவருக்குக் கீழே மைக்கேல் டி குஸ்மான், பிலிப்பைன்ஸ்காரர், கெட்டிக்காரப் புவியியலாளர். போர்னியோ தீவின் கிழக்குக் கலிமந்தானில், மகாகம் ஆற்றின் மேல்பக்கத்துக் காட்டுக்குள் புசாங் என்ற இடத்தைக் காட்டினார்கள். வேறொரு கம்பெனி முன்பே துளை போட்டுப் பார்த்துக் கைகழுவிய இடம். 80,100 டாலருக்குப் பேசி முடித்தார்கள்.

துளை என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாம், இல்லாவிட்டால் திருட்டின் அழகு விளங்காது. வைரப்பல் வைத்த குழாயை நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறக்கினால், கைப்பிடிக்குள் அடங்குகிற பருமனில் நீளமான உருளையாகப் பாறை வெளியே வரும். அதைத் தட்டில் அடுக்கி, ஆழத்தை எழுதி, நீளவாக்கில் ரம்பத்தால் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். மறுபாதி பெட்டியில் அப்படியே கிடக்கும். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துக் காட்ட. கூடத்தில் பாறையை மாவாக்கிச் சோதித்து, டன்னுக்கு இத்தனை கிராம் தங்கம் என்று சொல்வார்கள். இப்படிச் சில நூறு துளைகளை வைத்து மொத்த மலைக்கும் கணக்குப் போடுவதுதான் இந்தத் தொழிலின் ஆதாரம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். பருக்கை வேறு வீட்டுப் பானையிலிருந்து வந்திருந்தால்?

புசாங்கில் பாறை உருளையைப் பிளக்கவில்லை. அடையாளத்துக்கு ஒரு துண்டை ஒடித்து வைத்துக்கொண்டு மீதி முழுவதையும் மூட்டை கட்டினார்கள். காரணம் கேட்டவர்களுக்கு, இங்கே தங்கம் பொடியாக இல்லை, கொரகொரப்பாக இருக்கிறது, பெரிய மாதிரியாக எடுத்தால்தான் கணக்கு சரியாக வரும் என்றார்கள். தொழில் தெரிந்தவர்கள் தலையாட்டக்கூடிய பதில்தான், அதுதான் விசேஷம். மூட்டைகள் காட்டிலிருந்து படகில் இறங்கி, சமரிண்டா பக்கத்துக் கிடங்கில் சாவகாசமாக ஓய்வெடுத்துவிட்டு, பாலிக்பாப்பன் பரிசோதனைக்கூடத்துக்குப் போய்ச் சேரும். போகும் வழியில் தங்கம் உள்ளே புகுந்துவிடும்.

ஆரம்பத்தில் டி குஸ்மான் தன் கல்யாண மோதிரத்தையே அரத்தால் சுரண்டித் தூவினார் என்று சொல்லப்படுகிறது. மனைவிக்கு என்ன பதில் சொன்னாரோ. மோதிரம் எத்தனை நாளைக்கு வரும்? பிறகு உள்ளூர்க்காரர்கள் ஆற்றில் அரித்தெடுத்த தங்கப் பொடியை விலைக்கு வாங்கினார்கள். மொத்தச் செலவு சுமார் 61,000 அமெரிக்க டாலர் என்பது பிற்பாடு போட்ட கணக்கு. கண்டபடி தூவவும் இல்லை. இந்த ஆழத்தில் இவ்வளவு, அந்த ஆழத்தில் அவ்வளவு என்று ஒரு நிஜப் படிவம் எப்படி இருக்குமோ அப்படி அளந்து தூவியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மாதிரிகள், வருஷக்கணக்கில். இந்த உழைப்பை நேர்மையான வேலையில் போட்டிருந்தால் எங்கேயாவது நிஜத் தங்கமே கிடைத்திருக்கும்.

ஒரே சங்கடம், ஆற்றுத் தங்கம் உருண்டு புரண்டு வந்தது. விளிம்பெல்லாம் மழுங்கியிருக்கும். பாறைக்குள் பிறந்த தங்கம் அப்படி இருக்காது. துகள் உருண்டையாக இருப்பது ஆய்வில் பதிவாகியும் இருந்தது. அதற்கும் எரிமலைக் குழாய், வெந்நீர் ஊற்று என்று ஒரு சித்தாந்தம் தயாராக இருந்தது. சித்தாந்தம் புரியாதவர்கள், புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுப் பங்கு வாங்கினார்கள்.

1996 தொடக்கத்தில் 3 கோடி அவுன்ஸ். அந்த வருஷக் கடைசியில் 5 கோடியே 70 லட்சம். 1997 பிப்ரவரியில் கிட்டத்தட்ட 7 கோடியே 10 லட்சம் அவுன்ஸ், அதாவது 2,200 டன். ஃபெல்டர்ஹோஃப் வாய்வழியாக 20 கோடி வரை போனார். இந்த எண்களைக் கூட்டிக் கொடுத்தது பெயர்பெற்ற ஒரு பொறியியல் கம்பெனி. கூட்டலில் தப்பே கிடையாது. பரிசோதனைக்கூடத்தின் மேலும் பழி இல்லை. வந்த மூட்டையில் தங்கம் இருந்தது, இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்தார்கள். மூட்டை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது எவருடைய வேலையாகவும் இல்லை.

சென்ட் கணக்கில் இருந்த பங்கு 1996 மே மாதத்தில் 280 கனேடியன் டாலரைத் தாண்டியது. கம்பெனியின் சந்தை மதிப்பு 600 கோடி டாலர். ஜே.பி. மார்கன் ஆலோசகராக வந்து உட்கார்ந்தது. லீமன் பிரதர்ஸ் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று புகழ்ந்தது. (லீமனின் கண்பார்வையைப் பற்றி 2008-ல் உலகத்துக்கே தெரிந்துபோனது.) ஒன்டாரியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியும் வாங்கியது. ஆல்பர்ட்டாவில் செயின்ட் பால் என்ற சின்ன ஊரில் பக்கத்துவீட்டுப் பேச்சைக் கேட்டுப் பலர் வாங்கிக் காகிதக் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அந்த ஊர்க்காரர்கள் 1967-லேயே பறக்கும் தட்டு வந்து இறங்குவதற்கு ஒரு மேடை கட்டி வைத்தவர்கள். நம்பிக்கை என்பது அவர்களுக்குப் புதிதில்லை.

இனிமேல்தான் கதையின் சிறந்த பகுதி. இந்தோனேசியாவில் அப்போது சுகார்த்தோவின் ஆட்சி. 2,200 டன் தங்கத்தை கால்கரியின் தரைக்கடி அறைக்காரர் தனியாகத் தின்பதா? அரசு அனுமதியை இழுத்தடித்தது. பேரிக் என்ற பெரிய தங்கக் கம்பெனி சுகார்த்தோவின் மூத்த மகளைச் சேர்த்துக்கொண்டு களத்தில் இறங்கியது. அவர்கள் ஆலோசனைக் குழுவில் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும் முன்னாள் கனடா பிரதமர் மல்ரோனியும் இருந்தார்கள். வால்ஷ் சளைத்தவரா? சுகார்த்தோவின் மூத்த மகனைப் பிடித்தார். திட்டத்தில் பங்கும், மாதம் பத்து லட்சம் டாலர் வீதம் 40 மாதத்துக்கு ஆலோசனைக் கட்டணமும் தருவதாக ஏற்பாடு. அக்காவும் தம்பியும் மோதிக்கொண்டால் அப்பாவுக்குத் தர்மசங்கடம். கடைசியில் சுகார்த்தோவின் கோல்ஃப் தோழர் பாப் ஹசன் பஞ்சாயத்துப் பண்ணினார். 1997 பிப்ரவரியில் பாகப்பிரிவினை: பிரீ-எக்ஸுக்கு 45 சதவீதம், இந்தோனேசியத் தரப்புக்கு 40, அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட் கம்பெனிக்கு 15. பாப் ஹசனுக்கு அந்த நாற்பதில் நல்ல பங்கு. பதவியையும் பணபலத்தையும் பயன்படுத்தி, மிரட்டி, கெஞ்சி, கடிதம் எழுதி இத்தனை பெரிய மனிதர்கள் பங்கு போட்டுக்கொண்டது அறுபத்தோராயிரம் டாலர் பெறுமான ஆற்றுப் பொடியை. அதுவும் ஏற்கெனவே பரிசோதனையில் கரைந்துபோனது.

ஃப்ரீபோர்ட் மட்டும் ஒரு கிறுக்குத்தனமான காரியம் செய்தது. தானே துளை போட்டுப் பார்த்தது. பிரீ-எக்ஸ் தங்கம் கண்டதாகச் சொன்ன துளைகளுக்குச் சில அடி தள்ளிப் போட்டார்கள். ஒன்றுமில்லை. இன்னும் போட்டார்கள். அங்கேயும் ஒன்றுமில்லை. சரி, பழைய ஆவணங்களைப் பார்ப்போம் என்றால், ஜனவரியிலேயே புசாங் முகாமில் தீப்பிடித்துப் பதிவுகளெல்லாம் எரிந்துவிட்டன. எவ்வளவு சமயோசிதமான தீ.

அதே வருஷம் மார்ச் மாதம் டொரன்டோவில் கனிமத் தேடல்காரர்களின் ஆண்டு மாநாடு. வயோலா அம்மாள் தலைமை வகித்த அதே சங்கம். ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்பாளர் விருது ஃபெல்டர்ஹோஃபுக்கு. கைதட்டல், போட்டோ. அந்தச் சூட்டோடுதான் ஃப்ரீபோர்ட்டிடமிருந்து போன் வந்தது: உங்கள் துளையில் தங்கம், எங்கள் துளையில் மண், ஆளை அனுப்பி விளக்கச் சொல்லுங்கள். டி குஸ்மான் கிளம்பினார். மார்ச் 19 அன்று சமரிண்டாவிலிருந்து புசாங்குக்குப் பறந்த ஹெலிகாப்டரிலிருந்து காட்டுக்குள் விழுந்தார். தற்கொலை என்றது கம்பெனி. சில நாள் கழித்து அடையாளம் காண முடியாத நிலையில் ஓர் உடல் கிடைத்தது. தள்ளிவிட்டார்கள் என்பாரும், அது அவரே இல்லை, ஆள் எங்கோ சௌக்கியமாக இருக்கிறார் என்பாரும் இன்றைக்கும் உண்டு. நமக்குத் தெரிந்தது, விளக்கம் சொல்ல வேண்டியவர் போய்ச் சேரவில்லை.

மார்ச் 26 அன்று ஃப்ரீபோர்ட் முடிவை வெளியிட்டது. மறுநாள் டொரன்டோ சந்தையில் விற்கத் துடித்தவர்களின் நெரிசல் தாங்காமல் கம்ப்யூட்டரே மயக்கம் போட்டது. பங்கு 15 டாலர் சொச்சத்திலிருந்து இரண்டரை டாலருக்கு விழுந்தது (நடுவில் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்திருந்தார்கள்). மே 4 அன்று ஸ்டிராத்கோனா என்ற ஆலோசனை நிறுவனம் தன் சோதனை அறிக்கையைக் கொடுத்தது. புசாங்கில் தங்கப் படிவமே இல்லை, சுரங்க வரலாற்றில் இந்த அளவுக்கும் இத்தனை துல்லியமாகவும் மாதிரிகளில் கை வைத்ததை நாங்கள் கேள்விப்பட்டதில்லை என்பது அதன் சாரம். திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியாத தொனி.

வால்ஷ் தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே இருந்து 1998-ல் பஹாமாஸில் மூளை ரத்தக்குழாய் வெடித்து இறந்தார். ஃபெல்டர்ஹோஃப் 8 கோடி டாலருக்கு மேல் பங்குகளை உச்சத்தில் விற்றிருந்தார்; கேமன் தீவுகளில் குடியிருந்தார். உள்விவரம் தெரிந்து விற்றார் என்று போட்ட வழக்கு 2007-ல் முடிந்து, குற்றமற்றவர் என்று விடுதலை ஆனார். கனடா போலீஸ் யார்மேலும் குற்றச்சாட்டுப் பதியாமலே விசாரணையை மூடியது. தங்கத்தைப் போட்டது இன்னார் என்று எந்த நீதிமன்றமும் இன்றுவரை சொல்லவில்லை. எல்லோரும் கை காட்டுவது உயிரோடு இல்லாத டி குஸ்மானை.

திருடனைப் பிடிக்க முடியாவிட்டால் என்ன, விதி எழுதலாமே. டொரன்டோ சந்தையும் ஒன்டாரியோ பங்கு ஆணையமும் சேர்ந்து குழு போட்டு, 1999-ல் அறிக்கை தந்து, 2001 பிப்ரவரி 1 அன்று என்.ஐ. 43-101 நடைமுறைக்கு வந்தது. இப்போது அதைப் புரட்டிப் பாருங்கள், கொட்டாவி வராது. மாதிரியின் பாதுகாப்பைப் பற்றித் தனித் தலைப்பு: அது சமரிண்டா கிடங்கு. தரவைத் தானே சரிபார்த்ததாக நிபுணர் எழுதித் தர வேண்டும்: அது தப்பில்லாத அந்தக் கூட்டல். நேரில் போய்ப் பார்க்க வேண்டும்: அது மாநாட்டு மேடையில் கைதட்டிய கூட்டம். நிலத்துக்கடியில் இத்தனை கோடி டாலர் தங்கம் என்று மொத்த மதிப்பைப் போட்டு ஜொள்ளு விடவைக்கக் கூடாது. ஊக அளவை உறுதியான அளவோடு கூட்டிக் காட்டக் கூடாது. பழைய அறிக்கை கைவசம் இருந்தால், இது பழையது, நம்ப வேண்டாம் என்று கூடவே எழுத வேண்டும். கையெழுத்துப் போடுகிறவருக்குக் குறைந்தது ஐந்து வருஷ அனுபவமும், தப்புச் செய்தால் உறுப்பினர் அட்டையைப் பிடுங்கக்கூடிய சங்கமும் வேண்டும். ஒன்டாரியோவில் அப்போது புவியியலாளருக்கு உரிமம் கொடுக்கும் சங்கமே இல்லை. 2000-ல் அதற்கும் ஒரு சட்டம் போட்டார்கள்.

தகுதியுள்ள நிபுணர் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், கூடலூர் பக்கம் தேவாலாவில் விசாரியுங்கள். 1879 வாக்கில் வயநாட்டுக் காப்பித் தோட்டங்கள் நோயில் நொடித்துக் கிடந்தன. மலைச்சரிவுகளில் உள்ளூர்க்காரர்கள் ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சம் தங்கம் அரித்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் ஆஸ்திரேலியாவிலிருந்து ராபர்ட் பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை வரவழைத்தது. சும்மா ஆள் இல்லை, விக்டோரியா மாகாணத்தில் சுரங்கத் துறையின் உச்சத்தில் இருந்தவர். கீழே வேலை பார்த்தவர்களைக் கொடுமைப்படுத்தினார் என்ற விசாரணையில் பதவி போனவர். நேரில் வந்தார், காடு மேடெல்லாம் நடந்தார், மாதிரி எடுத்தார், அச்சடித்த அறிக்கை கொடுத்தார். 43-101 கேட்பதில் பாதியை அப்போதே செய்துவிட்டார். அறிக்கை லண்டனுக்குப் போனதும் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. 40 லட்சம் பவுனுக்கு மேல் மூலதனம். அதில் பெரும்பங்கு, வாடிய காப்பித் தோட்டத்தைத் தங்கச் சுரங்கம் என்று விற்ற கனவான்களின் பைக்குப் போனது. தேவாலாவும் பந்தலூரும் ஒரே ராத்திரியில் துரைமார் பட்டணமாயின. கல்லை ஆலையில் போட்டு அரைத்தபோது வந்த தங்கம் செலவுக்குக்கூடக் காணவில்லை. மூன்றே வருஷத்தில் எல்லோரும் காலி. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே காலத்தில் கோலாரில் தோண்டியவர்களும் முதலில் வெறுங்கையோடு திணறி, கடைசிக் காசில் இன்னும் கொஞ்சம் ஆழம் போனார்கள். அங்கே நிஜமாகவே இருந்தது, ஒரு நூற்றாண்டுக்கு மேல் வந்தது, 800 டன்னுக்கும் அதிகமாக. அதை வெட்டி எடுத்ததில் பெரும்பாலான கைகள் தமிழ்க் கைகள். பங்கு லாபம் லண்டனுக்கு.

ஜோர்க், 43-101, தென்னாப்பிரிக்காவின் சாம்ரெக் எல்லாம் இன்று ஒரே குடும்பம், சர்வதேசக் குழு ஒன்றின் கீழ். இந்தியாவும் 2019-ல் அதில் உறுப்பினர் ஆனது. அடுத்த பிப்ரவரியிலேயே உத்தரப் பிரதேசத்தின் சோன்பத்ரா மாவட்டத்தில் 3,000 டன்னுக்கு மேல் தங்கம் என்று மாவட்ட அதிகாரிகள் சொன்னதாகச் செய்தி வந்தது. ரிசர்வ் வங்கியின் கையிருப்பைப் போல் ஐந்து மடங்கு என்று டெலிவிஷன்காரர்கள் கணக்குப் போட்டார்கள். மலையைக் கொடிய விஷப்பாம்புகள் காவல் காக்கின்றன என்று கூடச் சொன்னார்கள். ஒரு பங்குச் சந்தை அறிக்கையும் இல்லை, கையெழுத்தும் இல்லை. நாடு முழுக்க இரண்டு நாள் கொண்டாடியது. பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நிதானமாக வந்து, நாங்கள் கண்டது 52,806 டன், அது தங்கம் இல்லை, தங்கம் கலந்த பாறை, டன்னுக்கு 3.03 கிராம் என்றது. பெருக்கிப் பாருங்கள். 160 கிலோ வரும்.